தலையணைக்கடியில் ஒரு பிடி மண்

ராசிங்காபுரத்தில் அன்னக்கொடியின் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு முதலில் கேட்பது தண்ணீர்ச் சத்தம்தான். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்கும். வந்தவர்கள் வாசலில் காத்திருப்பார்கள். அவளோ கொல்லையில் தொட்டியடியில் நின்று கை கழுவிக்கொண்டிருப்பாள். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு, முழங்கை என்று ஓரிடம் விடாமல் சோப்புப் போட்டு, கைகளை மேலே தூக்கிப் பிடித்து, தண்ணீர் முழங்கை வழியாக வடியும்படி கழுவுவாள். ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் அப்படித்தான் கழுவுவார்கள். களையெடுப்புக்குப் போகிற பொம்பளைக்கு அது எதற்கு என்று ஊர் சிரிக்கும்.

"மதினிக்கு ஆஸ்பத்திரிக் கிறுக்கு" என்பாள் அவளுடைய நாத்தனார் பொன்னுமணி.

கிறுக்கு இல்லை. தன் வாழ்நாளில் இரண்டு முறை அன்னக்கொடி கோயில் வாசல் மண்ணைக் கை நிறைய அள்ளினாள். ஒருமுறை கோபத்தில், ஒருமுறை பாசத்தில். இரண்டு முறையும் அந்த மண் போய் விழுந்தது அவள் தூக்கி வளர்த்த ஒரே தம்பியின் மேல். அதன் பிறகு எத்தனை சோப்புத்தான் போதும், சொல்லுங்கள்!

தாய் போய்ச் சேர்ந்தபோது அன்னக்கொடியே சின்னப் பிள்ளை. தம்பி சோலைமலை அப்போதுதான் நடை பழகியிருந்தான். தகப்பன் ராக்கையா மலைக்குச் சுமை தூக்கப் போனால் வாரக் கடைசியில்தான் இறங்குவார். அன்னக்கொடி களையெடுக்கப் போன காட்டுக்கெல்லாம் தம்பியையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். ஆடி மாதக் காற்றில் மலையடிக் காடுகளில் புழுதி சுழன்று எழும்பும். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டே ஓடி வருவான்.

"அக்கா, கண்ணுல விழுந்துருச்சு."

அவள் முந்தானையைச் சுருட்டி, வாயில் வைத்து ஊதிச் சூடாக்கி, அவன் கண்ணில் ஒற்றி ஒற்றி எடுப்பாள். தூசி போன பிறகும் "இன்னும் இருக்குக்கா" என்று பொய் சொல்லி இன்னும் கொஞ்ச நேரம் நிற்பான். பொய் என்று அவளுக்கும் தெரியும். ஊதிக்கொண்டேயிருப்பாள்.

பெரியகருப்பன் அவளைப் பெண் கேட்டு வந்தபோது அவன் வீட்டார் ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டார்கள். பெரியகருப்பனின் தங்கை பொன்னுமணியைப் பிற்பாடு சோலைமலைக்குக் கட்டிக்கொள்ள வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அன்னக்கொடி தலையாட்டினாள். தம்பியை யாரும் கேட்கவில்லை. அவனுக்கு அப்போது மீசைகூட முளைக்கவில்லை.

மீசை முளைத்ததும் அவன் மலை ஏறினான். விடியற்காலையில் போடியிலிருந்து கூலியாட்களை அடைத்துக்கொண்டு போடிமெட்டுக்குப் போகும் ஜீப்பின் பின்கம்பியில் தொத்திக்கொண்டு போய், மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தான். அங்கே காய் எடுக்க வந்த கூட்டத்தில் ஓமனா என்ற மலையாளத்துப் பெண் இருந்தாள். ஏலச்செடித் தூருக்கடியில் குனிந்து காய் பறிக்கிறவளை நிமிர வைப்பதற்காகவே அவன் பாட்டுப் பாடினான் என்று பிற்பாடு ஊரில் கதை கதையாகச் சொன்னார்கள். எழுபத்தைந்தாம் வருஷக் காய் எடுப்பு முடிந்தபோது அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு மலையிறங்கிவிட்டான்.

அவன் நேராக வீட்டுக்கு வரவில்லை. பொட்டிபுரம் போகும் வழியில் மலையடியில் இருக்கிற குலசாமி கருப்பசாமி கோயிலுக்குப் போனான். சாமி முன்னால் தாலி கட்டிவிட்டு அக்காவிடம் போனால் அக்கா மன்னித்துவிடுவாள் என்று நம்பினான். ஆனால் அவனுக்கு முன்னால் சேதி போய்விட்டது. அன்னக்கொடி தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். பின்னாலேயே அவள் புருஷன் வீட்டார் அத்தனை பேரும் வந்தார்கள். நடுவில் பொன்னுமணி அழுதுகொண்டு நின்றாள்.

"அக்கா, ஒரு வார்த்த கேளுக்கா..."

"யாருடா அக்கா? ஒனக்கு யாருடா அக்கா? இந்தச் சனத்துக்கு முன்னால என் தலையக் குனிய வச்சுட்டியே!"

அன்னக்கொடி குனிந்தாள். கருப்பசாமி வாசல் மண்ணை இரண்டு கையாலும் அள்ளினாள். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் வயிறெரிந்து மண்ணை வாரித் தூற்றிவிட்டால் அது சாபம். அதுவும் குலசாமி வாசலில் தூற்றினால் அந்தச் சாமியே நினைத்தாலும் திரும்பாது என்பார்கள்.

"எனக்குத் தம்பி இல்ல. செத்துட்டான். ஒன் ரத்தம் சுண்டிப் போகும்டா! நீ நல்லாவே இருக்க மாட்ட!"

மண் அவன் தலையிலும் முகத்திலும் விழுந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு, பழைய குரலில், பழைய பிள்ளையாக, "அக்கா, கண்ணுல விழுந்துருச்சு" என்றான்.

அன்னக்கொடியின் கை தானாக முந்தானைக்குப் போனது. சுற்றி நின்ற புருஷன் வீட்டாரைப் பார்த்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பி நடந்தாள். ஓமனா தன் சேலைத் தலைப்பை எடுத்து அவன் கண்ணைத் துடைப்பதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் நடந்தாள்.

அதன் பிறகு போடி ஜீப் ஸ்டாண்டில் அவனை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அவன் ஏலக்காய் மூட்டைக்கு மேல் உட்கார்ந்திருப்பான். அக்காவைப் பார்த்ததும் இறங்கப் பார்ப்பான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவனுக்குக் குழந்தை பிறந்தது, சரிவில் கொஞ்சம் காடு வாங்கினான், வீடு கட்டினான் என்று ஒவ்வொன்றும் காதில் விழும். ஒன்றுக்கும் போகவில்லை. பொன்னுமணிக்குக் கம்பத்தில் நல்ல இடத்தில் கல்யாணமாகி மூன்று பிள்ளைகளும் பிறந்துவிட்டன. அவளே அந்தப் பழைய மனக்குறையை மறந்துவிட்டாள். அன்னக்கொடிதான் மறக்கவில்லை. கோபம் தீர்ந்துபோய் வெகுகாலமாகியிருந்தது. சாபம் கொடுத்தவள் எந்த முகத்தோடு போய் நிற்பது என்ற வெட்கம்தான் மிச்சம்.

எண்பத்தேழாம் வருஷம், பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம், ஓமனா தனியாக வந்து வாசலில் நின்றாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். அக்கா என்பதைத் தன் பாஷையில் 'சேச்சி' என்றாள்.

"சேச்சி, ஞான் சண்டைக்கு வரல. எனக்குச் சோறு வேண்டா, குடிக்க வெள்ளம் வேண்டா. சேச்சிட ரத்தம் கொஞ்சம் வேணும்."

அன்னக்கொடிக்கு ஒன்றும் புரியவில்லை. ஓமனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விவரம் சொன்னாள். சோலைமலைக்கு ரத்தத்தில் புற்றுநோய். மதுரையில் பார்த்து, அங்கிருந்து வடக்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜையில்தான் ரத்தம் ஊறுகிறதாம். அவனுடைய மஜ்ஜையை மருந்தால் அடியோடு அழித்துவிட்டு, கூடப் பிறந்தவர்களுடையதை எடுத்து ஏற்ற வேண்டுமாம். அதுவும் பொருந்தினால்தானாம்.

"அவருக்குக் கூடப் பிறந்தது சேச்சி மட்டும்தானே."

"அவன்... அவன் அனுப்பிச்சானா?"

"இல்ல சேச்சி. போகண்டா போகண்டான்னு கையைப் பிடிச்சார். 'அக்கா வாயில வந்தது பலிச்சிருச்சுன்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா'ன்னார்."

அன்னக்கொடிக்குத் தான் அன்று சொன்னது காதில் கேட்டது. ஒன் ரத்தம் சுண்டிப் போகும்டா! அன்று அவள் வாயிலிருந்து வேறு எந்தச் சொல்லாவது வந்திருக்கக் கூடாதா?

திருவிழாவுக்காகப் பிறந்த வீடு வந்திருந்த பொன்னுமணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "அன்னைக்கு அவக என்னையக் கட்டியிருந்தா இன்னைக்கு நானுல்ல மதினி இப்பிடி வாசல் வாசலா நிக்கணும்? கருப்பசாமி என்னையக் காப்பாத்திப்புட்டாரு."

"ஏ கழுத, வாய மூடு!" என்று அதட்டினான் பெரியகருப்பன். பிறகு மனைவியைப் பார்த்தான். அன்று சுற்றி நின்ற கூட்டத்தில் அவனும் ஒருவன். "என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? வெரசா கெளம்பு. மாப்ளைக்கு ஒண்ணுன்னா சும்மா இருப்பமா?"

பெரிய ஆஸ்பத்திரியில் அன்னக்கொடியின் ரத்தத்தைச் சோதித்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டரம்மா முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "அப்படியே பொருந்தியிருக்கும்மா. ஒரே அச்சுல வார்த்த மாதிரி." ஓமனா அழுதுகொண்டே அன்னக்கொடியின் தோளில் சாய்ந்தாள். தம்பி இல்லை என்று அன்னக்கொடி ஊர் கூட்டிச் சொன்னாளே, அவள் உடம்பே அதைப் பொய் என்று சொல்லிவிட்டது.

அவளை மயக்க மருந்தில் குப்புறப் படுக்க வைத்து, இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜையை எடுத்தார்கள். அது ரத்தம் போலவே ஒரு பையில் தொங்கி, சொட்டுச் சொட்டாகச் சோலைமலைக்குள் இறங்கியது. அவனைத் தனியறையில் வைத்திருந்தார்கள். தலைமுடியெல்லாம் கொட்டி, பிறந்த குழந்தை மாதிரி இருந்தான். அவன் உடம்பில் இப்போது எதிர்ப்புச் சக்தி என்று ஒரு துளியும் கிடையாது. ஒரு தும்மல், ஒரு தூசி, ஓர் அழுக்கு நகம், எதுவும் அவனைக் கொன்றுவிடும். உள்ளே போகிறவர்கள் குளித்து, கை கழுவி, அங்கி மாட்டி, தலைக்குத் துணித்தொப்பியும் வாய்க்குக் கட்டும் போட வேண்டும். வெளியிலிருந்து ஒரு பூகூட உள்ளே போகக் கூடாது. கை கழுவும் முறையை நர்ஸ் நின்று பார்த்துச் சொல்லிக் கொடுத்தாள்.

இடுப்பு வலியோடு நொண்டிக்கொண்டு அன்னக்கொடி கண்ணாடி சன்னலுக்கு வெளியே வந்து நின்றபோதுதான் அக்காவும் தம்பியும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டார்கள். அவன் உதடு அசைந்தது. சன்னல் பக்கத்தில் இருந்த பேசும் கருவியில் ஓமனா காது வைத்துக் கேட்டுச் சொன்னாள்.

"'அக்காவுக்கு வலிக்குதா'ன்னு கேக்கிறார்."

அன்னக்கொடி தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா? அவளுக்கே தெரியாது.

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் ஓர் அறை எடுத்து அன்னக்கொடியும் ஓமனாவுமாகத் தங்கினார்கள். ஓமனா சமைப்பாள். போதுமா என்று கேட்பதற்கு அவள் "மதியோ?" என்பாள். அன்னக்கொடி இரண்டு வாய்க்கு மேல் சாப்பிட மாட்டாள். அந்தக் கையால் சோறு வாங்கித் தின்னக் கூசியது. பெரியகருப்பன் ஊருக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அலைந்தான்.

புது மஜ்ஜை பிடித்துக்கொண்டது. அன்னக்கொடியின் அணுக்கள் தம்பியின் எலும்புக்குள் குடியேறி ரத்தம் ஊற வைத்தன. அறை முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவன் உள்ளங்கை சிவந்தது. பிறகு மார்பு, முதுகு. தோல் வெந்த மாதிரி உரிந்தது. வாயெல்லாம் புண். வயிற்றுப்போக்கு நிற்கவில்லை.

டாக்டரம்மா இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். "இது எதிர்பார்த்ததுதான். அக்காவோட அணுக்கள் காவல்காரங்க மாதிரி. புது வீட்டுக்குள்ள போனதும், இந்த உடம்பு நம்மது இல்லைன்னு நினைச்சுச் சண்டை போடுது. மருந்து குடுத்து அடக்குவோம். ஆனா அந்தச் சண்டை கொஞ்சம் இருக்கிறதும் நல்லதும்மா. மிச்சம் மீதி ஒளிஞ்சிருக்கிற நோயையும் அதுதான் தேடி அடிக்கும்."

அந்தப் பின்பாதி அன்னக்கொடியின் காதில் ஏறவே இல்லை. என் ரத்தம் அவனை அடிக்கிறது. இந்த உடம்பு நம்மது இல்லை என்கிறது. எனக்குத் தம்பி இல்லை என்று நான் சொன்னதை என் ரத்தம் மறக்கவில்லை! அன்றைக்கு வாரித் தூற்றிய மண் இத்தனை வருஷம் அவளுக்குள்ளேயே காத்திருந்து, இப்போது ஊசி வழியாக அவனுக்குள் போய்விட்டது. அவள் அப்படித்தான் நினைத்தாள். வேறு எப்படி நினைப்பாள்?

வீட்டில் சோலி இருக்கிறது என்று ஓமனாவிடம் சொல்லிவிட்டு ஊருக்கு ரயிலேறினாள். போடி ஸ்டேஷனில் இறங்கியவள் வீட்டுக்குக்கூடப் போகாமல் கருப்பசாமி கோயிலுக்கு நடந்தாள். பூசாரி மொக்கச்சாமி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"பிடிமண்ணு வேணும், அண்ணே."

குடும்பத்தில் யாராவது வெளியூரில் போய்க் குடியிருந்து அங்கே குலசாமிக்குக் கோயில் எழுப்பினால், இங்கிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போவார்கள். அந்த மண் போகிற இடத்துக்குச் சாமியும் போகும் என்பது நம்பிக்கை.

"எந்த ஊருல கோயிலு எழுப்பப் போறீக தாயி?"

"ஆஸ்பத்திரியில" என்றாள் அன்னக்கொடி.

மொக்கச்சாமி விளக்குமாற்றை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அன்று அவள் மண் தூற்றியதைக் கண்ணால் பார்த்தவர் அவர். "எடுத்துக்க. ஆனா சாமிய இறக்கி வைக்கிற எடம் சுத்தமா இருக்கணும்" என்றார்.

அவள் அன்று அள்ளிய அதே இடத்தில் குனிந்து அள்ளினாள். மஞ்சள் துணியில் முடிந்துகொண்டாள். கொடுத்த சாபத்தை அதே மண்ணால் திரும்ப எடுத்துவிடலாம் என்று அந்தப் பேதை மனசு நம்பியது.

அவள் திரும்பிய நேரம் ஓமனாவுக்குச் சளி பிடித்து, உள்ளே போகக் கூடாது என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். அன்னக்கொடிதான் போக வேண்டும். குளித்தாள். சொல்லிக் கொடுத்தபடி விரல் விரலாகக் கை கழுவினாள். பிறகு, யாரும் பார்க்காதபோது, மஞ்சள் முடிச்சைக் கொண்டைக்குள் செருகி, அதன் மேல் துணித்தொப்பியை இழுத்து மாட்டினாள்.

அறைக்குள் அவளும் தம்பியும் மட்டும். அவள் முடிச்சை அவிழ்த்து, ஒரு சிட்டிகை எடுத்து அவன் தலையைச் சுற்றினாள். நெற்றியில் பூசினாள். மெல்லிய தூசி சன்னல் வெளிச்சத்தில் மிதந்து இறங்கியது.

சோலைமலை கண் விழித்தான். "என்னக்கா அது?"

"நம்ம கருப்பசாமி. நான் அன்னைக்குச் சொன்னதெல்லாம் திரும்ப வாங்கிக்கிட்டேன்னு சாமிகிட்டச் சொல்லிட்டு வந்துருக்கேன். என் அப்பு, நீ நல்லாருப்ப."

அவன் புண் வாயால் சிரித்தான். "அதையெல்லாம் இன்னுமா நெனச்சுக்கிட்டு இருக்க?" என்றான். அவள் முடிச்சை அவன் தலையணைக்கடியில் வைத்தாள். விரிப்பு மாற்ற வரும் நேரத்தில் எடுத்துக் கொண்டையில் செருகிக்கொள்வாள். மறுபடி வைப்பாள். ஓமனாவுக்குச் சளி தீரும்வரை அதையே செய்தாள்.

தோல் சிவப்பு தணிந்தது. சாமி இறங்கிவிட்டார் என்று அன்னக்கொடி தனியாக அழுதாள். டாக்டரம்மாவின் மருந்துதான் தணித்தது. அந்த மருந்தே அவனுக்கு இருந்த கொஞ்சநஞ்ச எதிர்ப்பையும் அடக்கி வைத்திருந்தது என்பதும் அவளுக்குத் தெரியாது.

பிறகு காய்ச்சல் வந்தது. மருந்துக்கு மேல் மருந்து மாற்றினார்கள். இறங்கவில்லை. இருமினான். இருமலில் ரத்தம் தெரிந்தது. நுரையீரல் படத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. டாக்டரம்மாவின் முகத்தில் பழைய சிரிப்பு இல்லை.

"எந்தக் கிருமின்னு பிடிபடலை. கிருமி தெரியாம அடிக்கிற மருந்து இருட்டுல அடிக்கிற மாதிரிதான். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வெளியில இருந்து ஏதாவது உள்ள போச்சா? பூ, பழம், வேக வைக்காத எதுவும்?"

பக்கத்தில் நின்ற நர்ஸ் ஓமனாவைக் காட்டிச் சொன்னாள்: "காய்ச்சல் வர்றதுக்கு முன்னால ஒருநாள் இந்தம்மா தலையில பூ வச்சுக்கிட்டு வந்தாங்க, மேடம். நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"வாசல்லயே எடுத்துக் களஞ்சேன்" என்று ஓமனா பதறினாள். "ஞான் அதோட உள்ள போகல. சத்தியமா போகல!" எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "என்டீஸ்வரா, ஞானா கொண்டு போய்க் கொடுத்தேன்? என் கையாலயா?"

அன்னக்கொடி அங்கேதான் நின்றாள். கொண்டைக்குள் முடிச்சு கனத்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கூட்டத்துக்கு அஞ்சி முந்தானையைச் செருகிக்கொண்டாளே, அதே போல இன்றும் நின்றாள். தம்பி பெண்டாட்டி செய்யாத பாவத்துக்கு அழ, பாவம் செய்தவள் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்!

தண்ணீரைக் கொடுத்துவிட்டு நேராகத் தம்பியின் அறைக்குப் போனாள். அவன் மூச்சு வாங்கப் படுத்திருந்தான்.

"டேய், அந்த மண்ணாலயா இருக்கும்?"

"இருந்துட்டுப் போகுது. சொல்லிராதக்கா."

"என்னடா சொல்ற?"

"சொன்னா ஒன்னைய உள்ள விட மாட்டாக. ஓமனாவும் விட மாட்டா." அவன் சிரமப்பட்டு அவள் அங்கி நுனியைப் பிடித்தான். "இத்தன வருசம் கழிச்சு வந்துருக்க. போயிராதக்கா."

தன் உயிரைக் காட்டிலும் அக்கா பக்கத்தில் இருப்பது பெரிதென்று நினைத்த அந்தத் தம்பியை அன்னக்கொடி பார்த்தாள். அவன் சொல்வதைக் கேட்டால், அவன் இருக்கிற வரை கூட இருக்கலாம். கேட்காவிட்டால் அவன் பிழைக்கலாம். ஆனால் அவள் இங்கே இருக்க முடியாது.

அவன் விரல்களை ஒவ்வொன்றாக அங்கியிலிருந்து விலக்கினாள்.

"நீ கண்ணக் கசக்குனப்ப அன்னைக்கு ஒன்னைய விட்டுட்டுப் போனேன். இன்னைக்கும் போறேன்டா. இது ஒனக்காக."

வராந்தாவில் டாக்டரம்மா, நர்ஸ், ஓமனா எல்லோரும் நின்றார்கள். அன்னக்கொடி தொப்பியைக் கழற்றினாள். கொண்டையை அவிழ்த்தாள். மஞ்சள் முடிச்சு தரையில் விழுந்தது.

"எங்க குலசாமி மண்ணு. நாந்தான் கொண்டு போனேன். தலையணைக்கடியில வச்சேன். நெத்தியில பூசுனேன். அவ மேல ஒரு குத்தமும் இல்ல."

டாக்டரம்மா திட்டியிருந்தால் தேவலை. அவர் திட்டவில்லை. "எப்ப? தூசி பறந்துச்சா? அவர் முகத்துக்கிட்டயா?" என்று மூன்றே கேள்வி கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டே நடக்க ஆரம்பித்துவிட்டார். "பூஞ்சைக்கான மருந்தை உடனே ஏத்துங்க. முடிவு வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்" என்று அவர் சொல்வது தூரத்தில் கேட்டது.

ஓமனா அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அன்னக்கொடியைப் பார்த்தாள்.

"ஆத்தியம் ஒரு தடவை அவர் மேல மண்ணு எறிஞ்சு. ரெண்டாமத்துத் தடவை தலையணையில வச்சு. சேச்சிக்கு அவர் என்னதான் செஞ்சார்?"

"ஓமனா..."

"நானும் மண்ணு வாரி எறிவேன்னு பயப்படண்டா. எங்க ஊர்ல அந்தப் பழக்கம் இல்ல. சேச்சி போகணும். இனி இந்த வாசல்ல வரண்டா."

அன்னக்கொடி அந்த அறை வாசலுக்கு அப்புறம் போகவில்லை. ஊருக்கும் போகவில்லை. ஆஸ்பத்திரித் தோட்டத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். மேலே எந்தச் சன்னல் தம்பியுடையது என்று எண்ணிக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். புது மருந்து ஏற்றும்போதெல்லாம் கட்டிலே ஆடுகிற அளவுக்கு அவனுக்குக் குளிர் எடுக்கிறது என்று பெரியகருப்பன் வந்து சொல்வான். அதைக் கேட்டு இங்கே மரத்தடியில் அவளுக்கு நடுங்கும்.

நடுநடுவே நர்ஸ் வந்து கூப்பிடுவாள். "உங்க ரத்தம் வேணும்மா." போய்ப் படுப்பாள். கையை நீட்டுவாள். எடுத்துக்கொண்ட பிறகு எழுந்து மரத்தடிக்குப் போவாள். அவளுடைய ரத்தத்துக்கு உள்ளே போக அனுமதி இருந்தது. அவளுக்கு இல்லை.

ஒருநாள் டாக்டரம்மா தோட்டத்துக்கே வந்தார். "காய்ச்சல் இறங்கிடுச்சும்மா. திட்டும் சுருங்குது."

அன்னக்கொடி அவர் காலைத் தொட்டாள். "அந்த மண்ணுதானா அம்மா? நாந்தானா?"

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "பூஞ்சை காத்துலயும் இருக்கும். உங்க மண்ணாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது. ஆனா நீங்க வாயைத் திறந்ததாலதான் நான் சரியான மருந்துக்கு உடனே போனேன்."

மற்றவர்களாக இருந்தால் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பிழைத்திருப்பார்கள். அன்னக்கொடி நடு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். இல்லைன்னும் சொல்ல முடியாது. அதோடுதான் ஊருக்கு ரயிலேறினாள்.

சோலைமலை பிழைத்து மலைக்குத் திரும்பினான். ஒரு வருஷத்துக்கு மண்ணைத் தொடக் கூடாது, தூசியில் நிற்கக் கூடாது என்று உத்தரவு. மண்ணிலேயே பிழைத்தவன், ஓமனா காட்டில் வேலை பார்ப்பதை வீட்டுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா மலையேறவில்லை. ஓமனா விலக்கியதை மீற அவளுக்கு வாயில்லை. ஆனால் ராசிங்காபுரத்தில் ஒரு காரியம் செய்தாள். வீட்டின் மண் தரைக்குச் சிமெண்டு பூசினாள். அடுத்து வாசலுக்கும் பூசினாள். கோலம் போட மண் வாசல்கூட வைக்காத வீடு எங்கே உண்டு?

"யாரு வர்றாகன்னு இந்தப் பூச்சு? மந்திரி வர்றாரா?" என்று கேட்டாள் கம்பத்திலிருந்து வந்திருந்த பொன்னுமணி.

"யாரும் வரல" என்றாள் அன்னக்கொடி. வரமாட்டான் என்றுதான் நினைத்தாள். வந்தால் ஒரு தூசி இருக்கக் கூடாது.

எண்பத்தொன்பதாம் வருஷம் தை மாதம். அன்று முற்பகலில் ஜீப் ஒன்று சத்தமில்லாமல் தெருமுனையில் நின்றது. புழுதி கிளம்பாதபடி டிரைவரை மெதுவாக ஓட்டச் சொல்லிக் கூட்டிவந்திருந்தாள் ஓமனா. சோலைமலை இறங்கி நடந்து வந்தான். முடி முளைத்திருந்தது. கையிலும் கழுத்திலும் தோல் திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தது.

அன்னக்கொடி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"என்னக்கா, உள்ள கூப்புட மாட்டியா?"

"அந்தத் தோலு..."

"இதுவா? நீ குடுத்த காவல்காரங்க அப்பப்ப கைவரிச காட்டுறாங்க. என்ன இருந்தாலும் ஒன் ரத்தமுல்ல? கோவம் இருக்கத்தானே செய்யும்!" அவன் சிரித்தான். பெரியகருப்பன் "மாப்ளே!" என்று ஓடிவந்து, கட்டிப்பிடிக்கப் போனவன் பாதியில் நின்று, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டான்.

ஓமனா முன்னால் வந்தாள். அவள் முகம் இன்னும் இறுகித்தான் இருந்தது.

"மறந்துட்டேன்னு நினைக்கண்டா, சேச்சி. மறக்கல. ஆனா இவர் உடம்புல ஓடுறது மொத்தமும் சேச்சிட ரத்தம்னு போன மாசம் டாக்டரம்மா சொன்னார். ஒரு வருஷமா அந்த ரத்தத்துக்குத்தான் நான் சோறு போடுறேன். சேச்சியை மட்டும் எத்தனை நாள் வாசல்ல நிறுத்துறது? சேச்சி கையால ஒரு வாய் சாப்பிடணும்னு இவர் ஒரே பிடிவாதம்."

"என் கையாலயா?" அன்னக்கொடி ஓரடி பின்வாங்கினாள். "வேண்டாம் ஓமனா. சோறு ஆக்கித்தர்றேன். நீ எடுத்துப் போடு. இந்தக் கை வேண்டாம்."

"அப்ப நான் திரும்பிப் போறேன்" என்றான் சோலைமலை.

அவள் உலை வைத்தாள். சோறு பொங்கியது. குழம்பு கொதித்தது. தம்பி சிமெண்டுத் தரையில் இலை போட்டு உட்கார்ந்துவிட்டான். அன்னக்கொடி கொல்லைக்குப் போனாள். சோப்பை எடுத்தாள். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு, முழங்கை. தண்ணீர் ஊற்றினாள். மறுபடி சோப்பு. மறுபடி தண்ணீர். கருப்பசாமி வாசல் மண் இன்னும் நகக்கண்ணில் இருப்பதுபோலவே தெரிந்தது. உள்ளே தம்பி "அக்கா, பசிக்குது" என்றான். அவள் மூன்றாம் முறையாகச் சோப்பை எடுத்தாள். தோல் வெளுத்துச் சுருங்கிவிட்டது.

பின்னாலிருந்து ஒரு கை நீண்டு அவள் கையிலிருந்த சோப்பை வாங்கியது. ஓமனா. ஒரு செம்பு தண்ணீரை எடுத்து அன்னக்கொடியின் கைகளில் தானே ஊற்றினாள். நுரை முழுவதும் போகும்வரை ஊற்றிவிட்டுச் செம்பைக் கவிழ்த்து வைத்தாள்.

"மதி, சேச்சி. மதி. சோறு ஆறுது."

அன்னக்கொடி உள்ளே போனாள். ஈரக் கையால் முதல் கரண்டிச் சோற்றை இலையில் வைத்தாள். தம்பி அதைப் பிசைந்து வாயில் போட்டுக்கொண்டான். அவன் விழுங்கும்வரை அவள் மூச்சு விடவில்லை. விழுங்கிவிட்டான். இருமவில்லை.

"இன்னும் கொண்டா" என்றான்.

அடுத்த கரண்டி வைப்பதற்கு முன்னால் அவள் மறுபடியும் கொல்லைப் பக்கம் திரும்பினாள். ஓமனா கதவுக்குக் குறுக்கே நின்றாள்.